ஸ்பை போட்டால் மட்டும் போதுமா?
ஜாவா கோடை டெஸ்ட் செய்யும்போது, அசல் ஆப்ஜெக்ட்டைப் போலவே ஓடும் ஸ்பை ஒன்றைப் போட்டு ஒரு மெத்தடை மட்டும் மறித்தால் (அசலை ஓட்டாமல் நாம் சொன்ன விடையைத் தரவைத்தால்) மீதிக் கோடு நிஜமாக ஓடும், ஆபத்தில்லை என்கிறது ஸ்பை பற்றிய ஒரு கட்டுரை. எப்படி மறிக்கிறோம் என்பதில்தான் சிக்கலே. ராணிப்பேட்டை தோல் ஏற்றுமதிக்கு பில் போடும் கிளாஸ் என்று வையுங்கள். டாலர் ரேட்டை நெட்டிலிருந்து எடுக்கும் மெத்தடும் அதிலேயே இருக்கிறது. அதை மறிக்க, ஸ்பை போட உதவும் டெஸ்ட் லைப்ரரியான மோக்கிட்டோவில் வழக்கம்போல வென் (when), தென்ரிட்டர்ன் (thenReturn) என்று எழுதினால், வென்னுக்குள் இருக்கும் அழைப்பு அசல் மெத்தடையே ஒருமுறை ஓட்டிவிடும். ஆபீஸில் நெட் இருப்பதால் டெஸ்ட் பாஸ். நெட் இல்லாத பில்ட் சர்வரில் (கோடைத் தொகுத்து டெஸ்ட்களை ஓட்டும் மெஷின்) புட்டுக்கொள்ளும். டூரிட்டர்னை (doReturn) முதலில் எழுதி, வென்னுக்குள் ஸ்பையை மட்டும் கொடுத்து, மெத்தடை வெளியே அழைத்தால் இது வராது. இன்னொன்று, ஸ்பை என்பது அசல் ஆப்ஜெக்ட்டின் நகல். அதற்குப் பிறகு அசலில் ஒரு ஃபீல்டை மாற்றினால் ஸ்பைக்குத் தெரியாது (பலர் மண்டை காய்வது இங்கேதான்). ஃபைனல் மெத்தடை (சப்கிளாஸில் மாற்றி எழுத முடியாதது) மறிக்கவே முடியாது என்று காட்பாடி நண்பர் ஒருவர் எழுதியிருப்பது பழைய கதை. 2023இல் வந்த மோக்கிட்டோ 5இல் இன்லைன் மாக் மேக்கர்தான் (சப்கிளாஸ் உண்டாக்காமல் கிளாஸின் கோடையே மாற்றி மறிக்கும் முறை) டிஃபால்ட், தாராளமாக முடியும். பிரைவேட் மெத்தட் மட்டும் இன்றும் முடியாது. ரேட் எடுப்பதைத் தனி இன்டர்ஃபேஸாக்கி கன்ஸ்ட்ரக்டரில் கொடுத்துவிட்டால் இந்தக் கிளாஸுக்கு ஸ்பையே வேண்டாம்.