டிப்ஸ்: கோபம் நியாயம்தான், விழுகிற இடம்தான் தப்பு

அமெரிக்காவில் டிப்ஸ் பேச்சை எடுத்தாலே வாடிக்கையாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "முதலாளி கொடுக்க வேண்டிய சம்பளத்தை நான் எதுக்குக் கொடுக்கணும்?" என்பது ஒரு கட்சி. "20 சதவீதம் வைக்க மனசில்லாதவர் வெளியே சாப்பிடவே வரக்கூடாது" என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேருமே டிப்ஸ் என்றால் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். மேசைக்கு வந்து பரிமாறுகிறவருக்கு வைப்பதும், கவுன்ட்டரில் பொட்டலத்தை நீட்டிவிட்டுத் திருப்பிக் காட்டும் டேப்லெட்டில் அழுத்துவதும் பெயரில் மட்டும்தான் ஒன்று. சட்டத்தில் வேறு, கணக்கில் வேறு, கடைசியில் யார் பைக்குள் போகிறது என்பதில் ரொம்பவே வேறு.

சேவை நன்றாக இருந்ததா என்பதை இரண்டாவதாகத்தான் கேட்க வேண்டும் என்பேன். எதிரில் நிற்பவரின் சம்பளம் எந்த விதியில் போடப்படுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

ஃபெடரல் (அதாவது நாடு முழுதுக்குமான மத்திய அரசு) சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-லிருந்து அசையவில்லை. ஆனால் டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவருக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டியது 2.13 டாலர் மட்டுமே. மீதி 5.12 டாலரை வாடிக்கையாளர் வைக்கும் டிப்ஸிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இதற்கு 'டிப் கிரெடிட்' என்று பெயர். 1966-ல் உணவகங்களையும் ஹோட்டல்களையும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, பாதிக் கூலி வரை டிப்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையையும் சேர்த்தே கொடுத்தார்கள். 1991-ல் கூலி 4.25 டாலர், அதில் பாதிதான் இந்த 2.13. 1996-ல் இரண்டுக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தார்கள். அதன்பிறகு பொதுக் கூலி ஏறியது, இது மட்டும் அப்படியே உறைந்து நிற்கிறது.

டிப்ஸ் குறைந்து, மொத்தம் 7.25-ஐத் தொடவில்லை என்றால் வித்தியாசத்தை முதலாளி போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே என்பார்கள். சொல்கிறதுதான். ஆனால் அந்தக் கணக்கு வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பார்க்கப்படுவது. செவ்வாய்க்கிழமை மதியம் நான்கு மணி நேரம் ஈ ஓட்டியதை, சனிக்கிழமை இரவு வந்த டிப்ஸ் நிரப்பிவிடும். காகிதத்தில் குறையே தெரியாது.

இதற்கு மாறாக அலாஸ்கா, கலிஃபோர்னியா, மினசோட்டா, மொன்டானா, நெவாடா, ஓரிகன், வாஷிங்டன் ஆகிய ஏழு மாநிலங்களில் டிப் கிரெடிட் கிடையாது. மாநிலத்தின் முழுக் கூலியையும் முதலாளி கொடுத்தாக வேண்டும். டிப்ஸ் அதற்கு மேல். கலிஃபோர்னியாவில் அந்தக் கூலி 16 டாலருக்கும் மேல். டெக்சாஸில் 2.13 டாலர் வாங்குகிறவருக்கும் கலிஃபோர்னியாவில் 16 டாலருக்கு மேல் வாங்குகிறவருக்கும் ஒரே 20 சதவீதம் என்பது மரியாதையின் அளவாகிவிட்டது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஏழு மாநிலங்களில் மேசைச் சாப்பாட்டுக்கு 15 சதவீதம் வைப்பவரைக் கஞ்சன் என்று சொல்ல மாட்டேன். வீட்டு வாடகையைக் காட்டி என்னிடம் சண்டைக்கு வரலாம். அதில் நியாயமும் உண்டு. மற்ற மாநிலங்களில் இடைப்பட்ட தொகைகள் பலவிதம். போகிற மாநிலத்தில் டிப்ஸ் ஊழியருக்கான ரொக்கக் கூலி எவ்வளவு என்று தொழிலாளர் துறையின் பட்டியலில் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கோபத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான உணவகங்களில் 'டிப் அவுட்' உண்டு. சர்வர் தனக்கு வந்த டிப்ஸில் ஒரு பகுதியை பார்டெண்டருக்கும், மேசை துடைப்பவருக்கும், வாசலில் நின்று உட்காரவைப்பவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் இதை வந்த டிப்ஸில் கணக்கிடாமல் விற்பனையில் கணக்கிடுகிறார்கள். விற்பனையில் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 80 டாலர் பில்லுக்கு நீங்கள் ஒன்றும் வைக்காமல் போனால், அடுத்த மேசையில் வந்ததிலிருந்து 3.20 டாலரை அவர் எடுத்துக் கொடுப்பார். உங்களுக்குப் பரிமாறியதற்குத் தண்டம் கட்டியது போலத்தான். சாப்பாடு தாமதமானதற்குக் காரணம் கிச்சன். பணத்தை இழந்தது பரிமாறியவர். முதலாளிக்கு இதில் ஒரு காசு நஷ்டமில்லை. சேவை மோசமென்றால் மேனேஜரைக் கூப்பிட்டு, எந்த உணவு, எத்தனை நிமிடம், என்ன தவறு என்று சொல்லுங்கள். பில்லில் குறைக்கவைப்பது முதலாளிக்கு வலிக்கும். டிப்ஸில் குறைப்பது வலிக்காது.

நல்ல சேவைக்கு நல்ல டிப்ஸ் என்கிற நம்பிக்கையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். வாடிக்கையாளர் சேவைக்குத் தரும் மதிப்பெண்ணுக்கும் வைக்கும் டிப்ஸுக்கும் உள்ள தொடர்பு மிகப் பலவீனமானது என்பது அவர் கண்டது. டிப்ஸ் தொகை கூடிக் குறைவதில் 2 சதவீதத்துக்கும் குறைவான பங்கைத்தான் சேவைத் தரம் விளக்குகிறது. இன்னொரு ஆய்வில், பில்லோடு சேர்த்து இனிப்பு மிட்டாய் கொடுத்தாலே டிப்ஸ் கூடியது. ஆகவே "நான் தரம் பார்த்துத்தான் கொடுக்கிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் பெரும்பாலும் பழக்கத்தில் ஒரே சதவீதத்தைத்தான் வைக்கிறார்கள். யாரும் பார்க்காத இடத்தில் கொடுப்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஊபர் ஒரு சோதனைச்சாலை ஆனது. 2017-ல் செயலியில் டிப்ஸ் வசதி வந்த பிறகு கோடிக்கணக்கான பயணங்களை ஆய்வு செய்தார்கள். ஏறக்குறைய 16 சதவீதப் பயணங்களுக்குத்தான் டிப்ஸ் வந்தது. பயணிகளில் சுமார் 60 சதவீதம் பேர் ஒருமுறைகூட வைக்கவில்லை. ஓட்டுநர் அதே ஓட்டுநர்தான். முகத்துக்கு நேரே பில் நீட்டும் ஆள்தான் இல்லை.

முகத்துக்கு நேரே என்றதும் அந்த டேப்லெட்டுக்கு வருவோம். பியூ ஆய்வு மையம் 2023-ல் எடுத்த கணிப்பில், ஐந்து ஆண்டுகளுக்கு முன்பைவிட இப்போது அதிக இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கிறார்கள் என்று 72 சதவீத அமெரிக்கர்கள் சொன்னார்கள். எப்போது வைப்பது, எவ்வளவு வைப்பது என்பது தங்களுக்கு எளிதாகத் தெரிகிறது என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். இந்தக் குழப்பத்தில் பாதி அந்தத் திரையின் உபயம்.

அதில் தெரியும் மூன்று பொத்தான்கள் வானத்திலிருந்து விழவில்லை. கடைக்காரர் பில்லிங் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் போய் டிப்ஸ் கேட்பதா வேண்டாமா, எத்தனை சதவீதம், வரிக்கு முன்பா பின்பா என்று தேர்ந்தெடுத்ததுதான் உங்கள் முன் நிற்கிறது. கவுன்ட்டரில் இருக்கும் இளைஞருக்கு அதை மாற்ற அனுமதியே இருக்காது. அவரை முறைத்துப் பயனில்லை. சிறிய பில்லுக்கு மென்பொருள் சதவீதத்தை விட்டுவிட்டு 1, 2, 3 டாலர் என்று காட்டும். 4 டாலர் காபிக்கு 1 டாலர் என்பது 25 சதவீதம், 3 டாலர் என்பது 75 சதவீதம். சின்னத் தொகையாகத் தெரிவதால் விரல் தானாகப் போய்விடும். கார்டு கட்டணமும் பொதுவாக டிப்ஸையும் சேர்த்த மொத்தத்தில்தான் கணக்கிடப்படும் என்பதால், பொத்தானில் எண் ஏறினால் மென்பொருள்காரருக்கும் லாபம். நியூயார்க் டாக்சித் திரைகளை வைத்து வந்த ஓர் ஆய்வு இதன் மறுபக்கத்தையும் காட்டியது. பரிந்துரை எண்களைக் கூட்டினால் சராசரி டிப்ஸ் கூடுகிறது. அதே சமயம், எரிச்சலில் ஒன்றுமே வைக்காமல் போகிறவர்களும் கூடுகிறார்கள்.

நீங்களே வரிசையில் நின்று, நீங்களே எடுத்து, நீங்களே குப்பையில் போடுகிற இடத்தில் பெரும்பாலும் ஊழியருக்கு முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுக்கிறார்கள். அங்கே 'டிப்ஸ் வேண்டாம்' பொத்தானைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் அழுத்தலாம். அது சில திரைகளில் கீழே சிறிய எழுத்தில் இருக்கும், சிலவற்றில் 'வேறு தொகை'க்குள் போய்ப் பூஜ்யம் தட்ட வேண்டும். பத்துப் பேருக்கு அலுவலக ஆர்டர் கட்டிக் கொடுத்தார்கள் என்றால் கதை வேறு. அதில் உழைப்பு இருக்கிறது, 10 சதவீதம் தாராளமாக வைக்கலாம்.

வரிக் கணக்கு சின்ன விஷயம்தான். 80 டாலர் சாப்பாடு, 8 சதவீத வரி சேர்ந்து 86.40. வரிக்கு முன் 20 சதவீதம் என்றால் 16 டாலர், பின் என்றால் 17.28. இந்த 1.28 டாலருக்காக மல்லுக்கட்டுகிறவர்கள் கூப்பன் போட்ட பில்லில் மட்டும் குறைந்த தொகைக்குச் சதவீதம் போடுகிறார்கள். தள்ளுபடி கொடுத்தது கடை. பரிமாறிய வேலை குறையவில்லை. கூப்பனுக்கு முந்தைய தொகையில்தான் கணக்கிட வேண்டும்.

உண்மையில் பணம் போகிற ஓட்டை 'சர்வீஸ் சார்ஜ்'. ஆறு பேருக்கு மேல் வந்தால் 18 சதவீதம் தானாகச் சேரும் என்று மெனுவின் அடியில் எழுதியிருப்பார்களே, அதை வருமானவரித் துறை டிப்ஸாக ஏற்பதில்லை. 2012-ல் வெளியிட்ட தீர்ப்புரையில் நான்கு அடையாளங்கள் சொன்னது. கட்டாயம் இருக்கக்கூடாது, தொகையை வாடிக்கையாளரே தீர்மானிக்க வேண்டும், கடையின் கொள்கை அதை நிர்ணயித்திருக்கக்கூடாது, யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் உரிமையும் பொதுவாக வாடிக்கையாளருக்கு இருக்க வேண்டும். தானாக ஏறும் 18 சதவீதம் இவற்றில் தேறாது. ஃபெடரல் சட்டப்படி அது கடையின் வருமானம். அதை ஊழியருக்கு முழுதாகவும் கொடுக்கலாம், கொஞ்சமும் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். 2025-ல் வந்த டிப்ஸ் வரிச் சலுகையும் (2025 முதல் 2028 வரை, ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வருமானவரிக் கழிவு) வாடிக்கையாளர் மனமுவந்து வைக்கும் டிப்ஸுக்குத்தான். கட்டாயக் கட்டணத்துக்கு இல்லை.

அந்தக் கட்டணம் ஏறிய பிறகும் திரை வழக்கம்போல டிப்ஸ் கேட்கும். 80 டாலரில் 20 சதவீதக் கட்டணம் 16, வரி 6.40, ஆக 102.40. அதன்மேல் 20 சதவீதத்தை அழுத்தினால் 20.48. 80 டாலர் சாப்பாட்டுக்கு 36.48 டாலர், அதாவது 45 சதவீதத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறீர்கள். அழுத்துவதற்கு முன் பில்லை அடி வரை படியுங்கள். 'ஆட்டோ கிராஜுவிட்டி', 'சர்வீஸ் சார்ஜ்', 'கிச்சன் கட்டணம்', 'வெல்னஸ் கட்டணம்' இவற்றில் எது இருந்தாலும், "இது உங்க கைக்கு வருமா?" என்று பரிமாறியவரையே கேளுங்கள். ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். வருகிறது என்றால் மேலே எதுவும் வைக்கத் தேவையில்லை. வரவில்லை என்றால் அவருக்கு டிப்ஸ் தனியாக வைத்துவிட்டு, கட்டணத்தைப் பற்றி மேனேஜரிடம் பேசுங்கள்.

நீங்கள் வைத்த டிப்ஸே மேனேஜர் பைக்குப் போகிறது என்றால் அது சட்டமீறல். முதலாளியும் மேனேஜரும் மேற்பார்வையாளரும் ஊழியரின் டிப்ஸில் கைவைக்கக்கூடாது என்று 2018-ல் ஃபெடரல் சட்டத்தைத் திருத்தினார்கள். சமையல்காரர்களோடு பங்கிடலாம், ஆனால் எல்லோருக்கும் முழுக் கூலி கொடுத்து, டிப் கிரெடிட் எடுக்காத கடையில்தான். கார்டில் வைத்த டிப்ஸிலிருந்து அந்தப் பகுதிக்கான கார்டுக் கட்டணத்தைக் கழிக்க ஃபெடரல் விதி இடம் தருகிறது, கலிஃபோர்னியா தடுக்கிறது. ரொக்கமாக வைத்தால் இந்தக் கழிவுக்கு வேலை இல்லை, அன்றே கைக்குப் போய்விடும்.

டெலிவரி செயலியில் டிப்ஸ் என்ற சொல்லே ஏமாற்று. சாப்பாடு வருவதற்கு முன்பே கேட்கப்படும் தொகை நன்றி அல்ல, ஏலம். ஓட்டுநர் தன் திரையில் தூரத்தையும் வரப்போகும் தொகையையும் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலும் ஆர்டரை எடுக்கிறார். பூஜ்யம் என்றால் ஒருவர் மாற்றி ஒருவர் மறுக்க, பொட்டலம் கவுன்ட்டரில் ஆறிக்கொண்டிருக்கும். பிறகு சேவை மோசம் என்று ஒரு நட்சத்திரம் போடுவோம்! இங்கே சதவீதம் அர்த்தமற்றது. 20 டாலர் பொட்டலமும் 90 டாலர் பொட்டலமும் ஒரே பெட்ரோலில்தான் வருகின்றன. தூரம், மாடி, மழை, தண்ணீர் கேன் மாதிரியான சுமை, இவற்றைப் பார்த்து 4, 5 டாலரில் தொடங்கி ஏற்றுங்கள். பில்லில் தெரியும் 'டெலிவரி கட்டணம்' ஓட்டுநருக்குப் போகிறது என்று நினைக்க வேண்டாம். பெரிய தொகை காட்டி ஆசைகாட்டிவிட்டு, பொருள் வந்ததும் குறைப்பவர்களும் உண்டு. அதற்கு நான் எழுதக்கூடிய நாகரிகமான சொல் இல்லை.

ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்பவருக்கு கடைசி நாளில் மொத்தமாக வைக்காதீர்கள். தினமும் வேறு ஆளாக இருக்கலாம். மேலும், குறிப்பு எழுதாமல் மேசையில் கிடக்கும் பணத்தை மறந்துவிட்டுப் போனதாக நினைத்துப் பலர் தொடவே மாட்டார்கள்.

இவ்வளவு சிக்கல் எதற்கு, விலையிலேயே சேர்த்துவிட்டால் என்ன? எனக்கும் அதுதான் விருப்பம். பிரான்சில் மெனு விலைக்குள்ளேயே சேவை அடக்கம். நியூயார்க்கில் டேனி மேயர் 2015-ல் தன் உணவகங்களில் டிப்ஸை ஒழித்து விலையை ஏற்றினார். 2020-ல் டிப்ஸைத் திரும்பக் கொண்டுவந்தார். இந்த முயற்சியில் கடைக்குக் கடை இடறுவது ஒரே கல்லில்தான். பக்கத்துக் கடை மெனுவில் 25 டாலர், இங்கே அதே உணவு 31 டாலர் என்றால், டிப்ஸ் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்று பசியில் நிற்பவர் கணக்குப் போடுவதில்லை. சனிக்கிழமை இரவு டிப்ஸில் அள்ளிக்கொண்டிருந்த திறமையான சர்வர்களும் நிலையான சம்பளத்துக்கு நிற்காமல் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். 2.13 டாலர் சட்டத்தில் இருக்கும்வரை தனி ஒரு கடை நேர்மையாக விலை போட்டால் தோற்கிறது. "டிப்ஸை ஒழி" என்று சர்வரிடம் கத்துவதைவிட, உங்கள் மாநிலத்தில் டிப் கிரெடிட்டை நீக்கும் முன்மொழிவு வாக்குச்சீட்டில் வரும்போது எந்தப் பக்கம் குத்தினீர்கள் என்பதை வைத்துத்தான் உங்கள் கோபத்தை எடை போடுவேன்.

அதுவரை மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால், டிப் கிரெடிட் உள்ள மாநிலத்தில் வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம். ரொக்கமாக வைத்தால் ரசீதின் டிப்ஸ் கோட்டைக் காலியாக விடாமல் 'கேஷ்' என்று எழுதி, மொத்தத் தொகையையும் நிரப்புங்கள். கார்டில் முதலில் சாப்பாட்டுத் தொகைதான் நிறுத்திவைக்கப்படும். டிப்ஸ் சேர்ந்த தொகை ஓரிரு நாள் கழித்தே ஏறும். ரசீதை அதுவரை தூக்கிப் போடாதீர்கள். 16 என்று எழுதியது 18 ஆகப் பதிவாவது கையெழுத்துப் பிழையாலும் நடக்கும். கையில் அந்தத் தாள் இருந்தால் ஒரு ஃபோன் காலில் சரியாகிவிடும்.