கபடியில் அவுட்டாகி உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறாள்?

பிள்ளைகளை ஆடவிட்டே கபடி சொல்லிக்கொடுக்கலாம் என்று இப்போது பல பயிற்சியாளர்கள் பேசுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம். வரிசையில் நிற்கவைத்து ஆளுக்குப் பத்துப் பிடி என்று போட்டால் பிடி நன்றாகத்தான் வரும், ஆனால் மேட்சில் எப்போது பாய்வது என்று தெரியாது. 1982-இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்து உடற்கல்வி ஆசிரியர்கள் டேவிட் பங்கரும் ராட் தோர்ப்பும் முன்வைத்த குறையும் இதுதான். ஆட்டத்தைச் சின்னதாக்கி, விதியைக் கொஞ்சம் மாற்றி, ஆடவிட்டு யோசிக்க வையுங்கள் என்றார்கள்.

சரி, ஆடவிட்டாயிற்று. அவுட்டான பிள்ளைகள்?

கபடியில் அவுட்டானவள் வீட்டுக்குப் போவதில்லை. கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். தன் அணி ஒருத்தியைத் தொட்டாலோ பிடித்தாலோ, அவுட்டான வரிசைப்படி உள்ளே திரும்புவாள். அதனால் அவளைவிடக் கூர்மையாக ஆட்டத்தைப் பார்ப்பவர் யாரும் கிடையாது. பார்த்துக் கற்பதைப் பற்றி உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா சொன்ன நான்கும் (கவனிப்பது, மனதில் வைப்பது, உடம்பால் செய்து பார்ப்பது, செய்யத் தூண்டுதல் இருப்பது) அந்த இடத்திலேயே கூடிவருகின்றன. நாமோ அதைத் தண்ணீர் குடிக்கும் நேரமாக வைத்திருக்கிறோம்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ரெய்டர் (எதிரணிப் பக்கம் பாடிப்போகிறவள்) போனஸ் கோட்டை, அதாவது கூடுதல் புள்ளி தரும் கோட்டை, தாண்டி முன்காலை வைக்கிறாள். போனஸ் கிடைக்க அந்த நேரம் பின்கால் தரையைவிட்டு எழும்பியிருக்க வேண்டும். அதாவது உடம்பின் மொத்தப் பாரமும் ஒற்றைக் காலில். கார்னர் (பிடிக்கிற அணியில் ஓரத்தில் நிற்பவள்) கணுக்காலுக்குப் பாய வேண்டிய நொடி அதுதான். கொஞ்சம் முந்தினால் ரெய்டர் காலை இழுத்துக்கொண்டு கையால் தொட்டுவிட்டும் போய்விடுவாள். பின்குதிகால் எழும்புவது கார்னருக்குத் தெரிவதைவிட வெளியே உட்கார்ந்திருப்பவளுக்கு நிதானமாகத் தெரியும். பிடிக்கிற பக்கம் ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் என்பது விதி. பயிற்சியில் அதைத் தளர்த்தி, நாலு பேர் ஆட்டத்திலும் போனஸ் உண்டு என்று வையுங்கள். இதே காட்சி ஒரே மாலையில் திரும்பத் திரும்ப வரும், பார்க்க வெளியே ஆளும் இருக்கும். அவளிடம் ஒரு கேள்வி போதும்: "அவ பின்கால் எப்பம்மா எழும்புச்சு?"

அப்புறம், எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். பிடி தவறியவளை எல்லார் முன்னாலும் திட்டுவது. சில இடங்களில் அடிப்பதும் உண்டு. பண்டூரா 1965-இல் ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிக்கும் படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டினார். படத்தின் முடிவில் அந்தப் பெரியவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள், மற்றவர்களைவிடக் குறைவாகவே அவரைப் போலச் செய்தார்கள். பிறகு, பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு என்றதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. எல்லாருமே கற்றிருந்தார்கள். தண்டனையைப் பார்த்தவர்கள் வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

இதை மைதானத்தில் வைத்துப் பாருங்கள். பாய்ந்து தவறவிட்டவளைத் திட்டுகிறீர்கள். திட்டு வாங்கியது ஒருத்தி, பார்த்தது பத்துப் பேர். அடுத்த ரெய்டில் கார்னர் பாய மாட்டாள். பின்காலைப் பார்த்தாள், நேரமும் தெரிந்தது, ஆனாலும் பாய மாட்டாள். "இதுங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது" என்று நாமே சொல்லிக்கொள்வோம். ஏறியிருக்கிறது சார். அதை வெளியே எடுக்கத்தான் பயமாக இருக்கிறது.

யாரைப் பார்த்துக் கற்பது என்பதும் முக்கியம். புரோ கபடி வீடியோ போட்டுக் காட்டுவதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தன்னைப் போன்ற ஒருத்தி செய்வதைப் பார்க்கும்போதுதான் "என்னாலும் முடியும்" என்ற நம்பிக்கை பலமாக வரும், இதுவும் பண்டூரா சொன்னதே. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அந்தப் பகுதிச் சிறுமிக்கு அவர் தன் தெரு அக்கா. எந்த டிவி நட்சத்திரமும் அந்த இடத்துக்கு வர முடியாது. உங்கள் மைதானத்திலும் அப்படி ஓர் அக்கா இருப்பாள், ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ. சின்னவர்களை அவளோடு கலந்து ஆடவிடுங்கள். வயதுவாரியாகப் பிரித்து ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பாதீர்கள்.

பாய்ந்து தவறவிட்டவளிடம், மற்றவர்கள் காதில் விழும்படி, "பாய்ஞ்சது சரிம்மா, கொஞ்சம் முந்திட்ட" என்று சொல்லுங்கள். வெளியே உட்கார்ந்திருக்கிறவளும் அதைக் கேட்கட்டும். அடுத்து உள்ளே வரப்போவது அவள்தான்.