ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை

தேர்வு முடிவு வரும்போதெல்லாம் அதே தலைப்புச் செய்திதான். "வழக்கம்போல் மாணவிகளே அதிகம் தேர்ச்சி." 2025-லும் அப்படித்தான் வந்தது. பத்தாம் வகுப்பில் மாணவிகள் 95.88 சதவீதம், மாணவர்கள் 91.74. பிளஸ் டூவில் 96.70, 93.16. பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் காசிமேட்டில் பதினோரு வருஷமாகச் சாயங்கால டியூஷன் எடுக்கிறவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பாஸ் மார்க் 35. எழுபது எடுக்கக்கூடியவள் நாற்பத்தொன்று எடுத்தாலும் அந்தக் கணக்கில் அவள் தேர்ச்சிதான். மீதி மார்க் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரியும். குடத்திலும் அடுப்படியிலும் போனது.

என்னிடம் பத்தாவது படிக்கிற பெண் ஒருத்தி வருகிறாள். அம்மா மீன் வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் ஏலத்துக்குப் போய்விடுவார். அதிலிருந்து வீடு இவள் பொறுப்பு. தண்ணீர் விடும் நேரத்துக்கு அடி பம்பில் வரிசை, சோறு வடிப்பது, தம்பியைக் குளிப்பாட்டிக் கிளப்புவது. சாயங்காலம் வந்தால் பாத்திரம், மறுபடி சமையல். போன வாரம் அவளுடைய கணக்கு நோட்டைத் திருத்தினேன். முதல் மூன்று கணக்கும் முத்து முத்தான கையெழுத்து. நான்காவதில் பாதி வரிக்கு மேல் எழுத்தே இல்லை. பேனா மட்டும் கோடு இழுத்துக்கொண்டு பக்கத்தின் ஓரம் வரை போயிருந்தது. உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள். அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியாததா? என் முன்னால் நான்கே நிமிஷத்தில் போட்டுக் காட்டினாள்.

என் நாத்தனார் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை. நடவு, களையெடுப்பு என்று வந்துவிட்டால் வகுப்பில் பெண்பிள்ளைகள் பாதிப்பேர் இருக்கமாட்டார்களாம். அம்மா வயலுக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்தானே வேண்டும்? அந்தப் பள்ளி பத்தாவதோடு முடிகிறது. பதினொன்றாவதுக்குப் பக்கத்து ஊருக்குப் போகவேண்டும், இருப்பது ஒரே பஸ். அரசாங்கம் கொடுக்கும் இலவச சைக்கிள் பெரிய உதவி, மறுக்கவே முடியாது. ஆனாலும் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் வயல் வழியாகத் தனியாக வர எந்த வீட்டில் விடுவார்கள்? விரும்பின குரூப் அந்தப் பள்ளியில் இல்லையென்றால், இருக்கிற குரூப்தான் அவளுக்கு வாய்த்தது. பையன் என்றால் இன்னும் நாலு ஊர் தள்ளிப் போவான்.

எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பத்து நிமிஷ நடை. அப்படியிருந்தும் கதை அதேதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கூச்சப்பட்டு ஒதுக்குகிற விஷயம் இல்லை இது. சாயங்காலம் வரும் பெண்களில் பாதிப்பேர் தலைவலி என்பார்கள். கண்ணில் கோளாறோ என்று நினைத்தேன். ஒருநாள் ஒருத்திதான் சொன்னாள்: "காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கலக்கா. குடிச்சா பாத்ரூம் போணும். அங்க பைப்புல தண்ணி வராது." மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கே வருவதில்லை. நாப்கின் கொடுக்கிறார்கள், நல்லது. மாற்றத் தாழ்ப்பாள் போட்ட கதவு வேண்டாமா, கழுவத் தண்ணீர் வேண்டாமா? மாதம் மூன்று நாள் என்றால் வருஷத்துக்கு எத்தனை பாடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சத்துணவும் பத்தாவது வரைக்கும்தான். பதினொன்றாவதில் பசி நின்றுவிடுமா? சமைத்து எல்லாருக்கும் போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் ஓடிவருபவள் அந்த வீட்டுப் பெண்தான்.

புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கியதே நம் வடசென்னை பாரதி மகளிர் கல்லூரியில்தான். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கப் போகிற பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். அந்தப் பணத்தால் கல்லூரிக்குப் போன பெண்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வாசல் வரைக்கும் அவள் நல்ல மார்க்கோடு வந்து சேரவேண்டுமே என்பதுதான் என் கவலை.

அம்மாக்களைக் குறை சொல்லவில்லை. அவர்களும் அதே குடத்தைத் தூக்கி வளர்ந்தவர்கள்தான். ஒன்பதாவது படிக்கிற மகன் தெருவில் கேரம் ஆடுகிறான், எட்டாவது படிக்கிற மகள் பாத்திரம் தேய்க்கிறாள். "அவன் ஆம்பளப் புள்ள, அவனாண்ட எப்டிம்மா சொல்றது?" என்கிறார்கள். சொல்லுங்கள் அக்கா. தண்ணீர்க் குடத்துக்கு ஆண், பெண் தெரியாது.

நான் கேட்பது இரண்டு மணி நேரம்தான். சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை அந்தப் பெண்ணை யாரும் கூப்பிடக்கூடாது. அந்த நேரத்தில் மாநகராட்சிப் பள்ளியில் ஒரே ஒரு வகுப்பறையைத் திறந்துவைத்து, விளக்குப் போட்டு, ஒரு ஆளை உட்காரவைத்தாலும் போதும்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி தன் மொட்டை மாடியைக் கொடுத்திருக்கிறார். கீற்றுக் கொட்டகை போட்டு, இரண்டு டியூப் லைட் மாட்டியாகிவிட்டது. இப்போது ஒன்பது பெண்கள் வருகிறார்கள். அந்தக் கணக்கு நோட்டுக்காரியும் வருகிறாள், தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு. அவனுக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இப்படி ஒரு மாடியோ அறையோ தர முடிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.