கப்பல் வரவில்லையாம்!

பாதி இடியப்பம் அவிந்துகொண்டிருக்கும்போதே சுவாலை சுருங்கி அணைந்துவிட்டது. வெறும் சிலிண்டரைச் சைக்கிள் கரியரில் றப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்து மருதனார்மடத்திலிருந்து சுன்னாகம் வரை மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் ஒரே பதில்: "கப்பல் வரேல்லை அக்கா, நாளைக்குப் பாருங்கோ."

எந்தக் கப்பல்? ஏன் வரவில்லை? கேட்டால் கடைக்காரத் தம்பி கையை விரிக்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

90களின் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவள் நான். அது போர்க்காலம். ஆனால் 2022இல் என்ன போர்? கட்ட டொலர் இல்லாமல் காஸ் கப்பல்கள் கொழும்புக் கடலில் காத்து நின்றன. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் கொழும்பிலேயே 4,860 ரூபாவுக்கு ஏறியது. ஏ9 வீதியால் லொறியில் இங்கு வந்து சேரும்போது இன்னும் கூட. அதே ஆண்டு ரஷ்யா ஐரோப்பாவுக்குப் போகும் எரிவாயுக் குழாயைச் சுருக்க, ஐரோப்பா என்ன விலை என்றாலும் பரவாயில்லை என்று திரவ இயற்கை எரிவாயுக் கப்பல்களை வளைத்துப் போட்டது. போட்டி போட முடியாத பாகிஸ்தான், மின்நிலையங்களுக்கு எரிவாயு போதாமல் மின்வெட்டில் கிடந்தது.

விற்பவனுக்கும் வாங்குபவன் தேவை என்பார்கள். சரி, அது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். அந்தக் குழாயைச் சீனப் பக்கம் திருப்ப முடியாததால் ரஷ்யாவின் அரச எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் 2023இல் பெரும் நட்டம் காட்டியது. எங்களுக்கு? இலங்கை வாங்காவிட்டால் எந்த ஏற்றுமதிக்காரனுக்கும் தூக்கம் கெடாது. சிறிய நாடு என்றால் கையிருப்பாவது வேண்டும். ஒரு கப்பல் பிந்தியவுடன் யாழ்ப்பாணத்துக் கடைகள் காலியாகின்றன என்றால் எங்கே அந்தக் கையிருப்பு?

இதில் வயிறு எரியும் விசயம் வேறு. 2011இல் மன்னார்க் கடலுக்கடியில் எரிவாயு கண்டார்கள். தோண்டிய கெய்ன் நிறுவனம் 2015இல் போய்விட்டது. காஸ் இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதை எடுத்தாலும் அப்படியே சிலிண்டருக்குள் வராது, மின்நிலையத்துக்குத்தான் போகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மின்சாரத்துக்கு எரியும் டீசலும் டொலர்தானே! அந்த டொலர் மிஞ்சினால் ஒரு காஸ் கப்பலுக்குக் கட்டலாமே!

மிச்ச இடியப்பத்தை அம்மா முற்றத்தில் மூன்று கல் வைத்து, பன்னாடையும் ஊமலும் போட்டு அவித்தார். அவருக்குத் தொய்வு வருத்தம். புகை ஏறி இரவு முழுக்க இழுத்தது. விடிய ஐந்து மணிக்கு நான் மறுபடி சிலிண்டரைக் கரியரில் கட்டினேன்.