சில்லிக்குத் துணை சின்னமன் ரோல்

அக்கா மகள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் போட்ட மதியச் சாப்பாடு. ஒரு கிண்ணத்தில் சில்லி, அதாவது மாட்டுக் கொத்துக்கறி, பீன்ஸ், தக்காளி எல்லாம் மிளகாய்த்தூளும் சீரகமும் சேர்ந்து கெட்டியாகக் கொதித்தது. பக்கத்தில் ஐசிங் வழியும் சின்னமன் ரோல், அதாவது பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவிச் சுருட்டிச் சுட்ட இனிப்பு ரொட்டி. குடும்பக் குழுவில் எல்லாரும் முகம் சுளித்துவிட்டார்கள். "காரக்குழம்புக்கு யாராவது ஜாங்கிரி தொட்டுக்குவாங்களா?" என்று பெரியம்மா கேட்டார்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அடைக்கு வெல்லம் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள் நாம். மிளகாய்க் காரம் ஏறிய நாக்குக்கு வெல்லம் செய்வதைத்தான் அங்கே அந்த ரோல் செய்கிறது. சிலர் பிய்த்துச் சில்லியில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள், சிலர் கடைசி இனிப்பாக வைத்துக்கொள்கிறார்கள். நெப்ராஸ்கா, கான்சாஸ் பக்கம் வளர்ந்த பலருக்கு இது பள்ளிக்கூட உணவறையில் ஒட்டிக்கொண்ட ருசி. பெரியவர்களான பிறகும் குளிர் தொடங்கினால் இரண்டையும் சேர்த்தே சமைக்கிறார்கள். ரன்சா என்ற நெப்ராஸ்கா உணவகத்தில் இரண்டையும் ஜோடியாகவே விற்கிறார்கள்.

ஸ்வீடனில் இருந்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், அமெரிக்காவில் கிடைப்பதெல்லாம் ரோலே இல்லை என்பார். ஸ்வீடனில் இதற்குக் கனேல்புல்லே என்று பெயர். மாவிலேயே ஏலக்காய் போட்டுப் பிசைவார்கள், ஐசிங் கிடையாது, மேலே வெள்ளைக் கற்களாகச் சர்க்கரை. வேலையை நிறுத்திவிட்டு நாலு பேரோடு உட்கார்ந்து காபி குடிப்பதை ஃபீகா என்கிறார்கள், அதற்கு இதுதான் துணை. 1999 முதல் அக்டோபர் 4-ஐ இதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள். பின்லாந்தில் இதையே அமுக்கிச் சுட்டு, 'காதில் விட்ட அறை' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கில் இதற்கு நத்தை என்று பெயர்.

எல்லாம் அழகுதான். ஆனால் எது அசல் என்ற சண்டைக்கு நான் வரமாட்டேன். பட்டை மரம் இலங்கையின் சொத்து, ஏலச்செடி நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொத்து. ஸ்வீடன் குளிரில் இரண்டுமே வளராது. கடல் கடந்து வந்ததைத் தங்கள் காபி வேளைக்குப் பொருத்திக்கொண்டார்கள். நெப்ராஸ்காக்காரர்கள் தங்கள் குளிருக்கும் பள்ளிப் பிள்ளைகளின் பசிக்கும் பொருத்திக்கொண்டார்கள். முன்னதை நாகரிகம் என்றும் பின்னதைக் கோமாளித்தனம் என்றும் சொல்வது நியாயமே இல்லை.

சரி, பையன் எப்படிச் சாப்பிட்டான் என்று அக்கா மகளிடம் கேட்டேன். தோய்த்துத்தானாம். வீட்டிலும் செய்யச் சொல்லி நச்சரிக்கிறானாம்.