சாத்தானை விட்டாச்சு, பாஸ்போர்ட்டை?

ஈஸ்டர் முதல்நாள் இரவு, பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவர்த்தியிலிருந்து பற்றவைத்த சின்ன மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஞானஸ்நான வாக்கைப் புதுப்பிக்க, சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று ஃபாதர் கேட்டதும், "விட்டுவிடுகிறேன்" என்று கோயிலே அதிரச் சொல்கிறோம். எதை விட்டீர்கள் என்று மறுநாள் யாரும் விசாரிப்பதில்லை. நமக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது.

பினாங்கில் நம் ஆட்களுக்குப் பக்தி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஜூலை 26 நெருங்கினால் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலில் கூட்டம் அலைமோதும். பாடகர் குழு, வாசகம், பூ அலங்காரம் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கிறது. ஞானஸ்நான வாக்கைக் காப்பாற்றுவது என்றால் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டோம். பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாத நம்மைப் போன்றவர்கள், தங்கள் அழைப்பை வாழ வேண்டிய இடம் குடும்பமும் தொழிலும் உலகக் காரியங்களும்தான் என்று 1964-லேயே உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. அதாவது, சம்மனுக்குப் பயந்து போலீஸிடம் கோப்பிக் காசு என்று லஞ்சம் நீட்டத் தோன்றும் இடம். மகளுக்கு "நல்ல கத்தோலிக்கக் குடும்பம்" தேடிவிட்டு, ஊரில் அவர்கள் என்ன ஆட்கள் என்று மெல்ல விசாரிக்கும் இடம். (இதற்கே சிலர் என்னை அன்ஃப்ரெண்ட் பண்ணுவார்கள். சரி.)

எனக்கு உறுத்துவது வேறு. அண்மையில் ஜார்ஜ்டவுனில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போனேன். பிள்ளைக்கு வெள்ளை உடை, ஞானத்தாய் போட்ட சங்கிலி, பிரியாணி, மூன்று அடுக்குக் கேக். பிள்ளை சிணுங்கும்போதெல்லாம் ஓடிவந்து தூக்கியது வீட்டு வேலைக்கு இருக்கும் பெண். இந்தோனேசியாவின் ஃபுளோரெஸ் தீவுக்காரி. அங்கே பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அவள் கழுத்திலும் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. காலையில் கோயிலில் அவளைக் காணவில்லையே என்றேன். வீட்டில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாளாம். அப்போ ஞாயிறு பூசை? "வெளிய விட்டா ஓடிரும்க்கா" என்று சிரித்தார் அந்த வீட்டம்மா. பாஸ்போர்ட் அலமாரியில் பூட்டியிருக்கிறதாம்.

சட்டப்படி அதிகாரமில்லாமல் அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தில் குற்றம். சம்பள விஷயத்தில் சட்டமும் அவளைக் கைவிட்டுவிட்டது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனபோதும், வீட்டு வேலைக்காரர்களுக்கு அது பொருந்தவில்லை. அவளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை முதலாளியின் மனசாட்சியே முடிவு செய்கிறது. அந்த மனசாட்சி ஞானஸ்நானம் பெற்றதா இல்லையா என்பதுதான் என் கேள்வி.

கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்களிடையே அடிமை என்றும் சுதந்திரர் என்றும் பேதமில்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினார். பல வீடுகளில் அடிமைகள் இருந்த காலத்தில் எழுதியது அது. கேட்டவர்களுக்கு எப்படிச் சுட்டிருக்கும்! நாமோ அதை வாசகமாகக் கேட்டு, "இறைவா உமக்கு நன்றி" சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறோம், ஓடிவிட்டால் யார் தருவார் என்பார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பூட்டி வைத்தால்தான் ஒருத்தி நம் வீட்டில் இருப்பாள் என்றால், முதலில் வீட்டைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் குடும்பம் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறது, காரில் ஓர் இடம் காலியாக. தமிழ்ப் பூசை அவளுக்குப் புரியாது என்றால், மலாய்ப் பூசை எங்கே நடக்கிறது என்று பங்கு அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

ஞானப்பெற்றோராக நிற்பவருக்கு 16 வயது நிறைந்ததா, உறுதிபூசுதல் பெற்றவரா என்று கோயிலில் பார்க்கிறார்கள். நல்லது. ஞானஸ்நான வகுப்பிலேயே பெற்றோரிடமும் அவர்களிடமும் இன்னொன்றையும் கேட்டுவிடலாம்: வீட்டில் வேலைக்கு ஆள் இருக்கிறாரா, அவர் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கே போகிறார்? இரண்டு மூன்று குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு பங்குக்குப் போகும். போகட்டும், அங்கேயும் இதையே கேட்கட்டும்.