ஒரு நாளும், ஒருநாளும்

டிப்ரெஷனில் இருந்த காலத்தில் நான் அடிக்கடி சொன்ன வாக்கியம் இது: "நான் ஒருநாளும் சந்தோஷமா இருந்ததில்லை." பொய் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் சத்தியமாக அப்படித்தான் தெரிந்தது.

மனச்சோர்வு என்றால் சோகம் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சோகத்தையாவது ஓரளவு எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது, அது முடிந்துபோன நாட்களுக்குள்ளும் புகுந்து அவற்றை மாற்றி எழுதியதுதான். தோழி ஒருத்தி என்னைத் தேற்றுவதற்காகப் பழைய குரல் பதிவு ஒன்றை அனுப்பினாள். சாவியைத் தொலைத்துவிட்டு நாங்கள் இருவரும் நடுராத்திரியில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது, கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவளுக்கு அனுப்பிய பதிவு. அதில் பேச முடியாமல் நான் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். கேட்டு முடித்ததும் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? "அப்பவே எவ்வளவு நல்லா நடிச்சிருக்கேன்." சாட்சியைக் கூட்டிவந்தால் சாட்சியையே கூண்டில் ஏற்றிவிடும் நீதிமன்றம் அது.

இது என் ஒருத்தியின் கோணல் புத்தி இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1982இல் டேவிட் கிளார்க், ஜான் டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள், ஒரே நாளுக்குள் மனச்சோர்வு ஏறி இறங்கும் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். சோர்வு அதிகமாக இருந்த நேரத்தில் அவர்களுக்குத் துயரமான நினைவுகள் கூடுதலாக வந்தன; குறைந்த நேரத்தில் நல்லவை கூடின. ஒரே ஆள், ஒரே கடந்தகாலம். ஆனால் எந்த நேரத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து வாழ்க்கைக் கதை மாறுகிறது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது படிக்கும்போது.

அதைவிட என்னை உலுக்கியது 1986இல் மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் வெளியிட்ட ஆய்வு. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அது நினைவூட்டும் குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்கள். பலரிடமிருந்து சம்பவம் வரவில்லை, பொதுப்படையான பதில்தான் வந்தது. "அண்ணனோடு நடக்கப் போகும்போதெல்லாம்" என்பது மாதிரி. எந்த நடை, எந்தச் சாயங்காலம், வழியில் என்ன பேசினீர்கள் என்று கேட்டால் அங்கேயே நின்றுவிடும். மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இதே பாங்கைப் பின்னால் பலர் கண்டார்கள். குறிப்பிட்ட ஒரு நாளைத் தொட்டால் வலிக்கும் என்பதால் மனம் பாதியிலேயே திரும்பிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். ஒரே எண்ணத்தை அரைத்துக்கொண்டே இருப்பதால் தேடிப் போகத் தெம்பில்லாமல் போகிறது என்பது இன்னொன்று. என் அனுபவத்தில் இரண்டும் சரி.

நம் மொழியில் இதற்கு ஒரு விகுதி போதும். "ஒரு நாள்" என்றால் அதில் வெயில் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள். கூடவே ஓர் "உம்" ஒட்டிக்கொண்டால் "ஒருநாளும் இல்லை" என்று மொத்தமாகக் கதவு சாத்திவிடும். டிப்ரெஷன் எனக்குச் செய்தது அந்த "உம்"மைப் போட்டதுதான்.

இதில் எதிர்காலமும் அடிபடுகிறது. போன தடவை இப்படி ஒரு சிக்கல் வந்தபோது என்ன செய்தோம் என்பதை வைத்துத்தானே நாளைக்குத் திட்டம் போடுகிறோம்? அந்தப் போன தடவையே கைக்கு அகப்படாவிட்டால் நாளை என்பது வெறும் சொல். "அடுத்த மாசம் எங்காவது போகலாமா" என்று கேட்டவர்களை நான் வெறித்துப் பார்த்தது திமிரால் இல்லை.

அதனால்தான் "நல்லதை நினைச்சுப் பாரு, சரியாயிடும்" என்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. மற்றவர்களின் மனநிலையைத் தூக்கிவிடும் இனிய நினைவு, சோர்வில் இருப்பவர்களுக்கு அந்த வேலையைச் செய்வதில்லை என்று ஜுட்டா யோர்மன் போன்ற உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அது எதிராகவே வேலை செய்தது: அப்போது அப்படி, இப்போது பார் இப்படி!

இன்னொரு வகையினர் உண்டு. நாம் எதைச் சொன்னாலும் "அது உன் வியாதி பேசுது" என்பார்கள். இல்லை ஐயா. சிலருக்குக் கடந்தகாலம் நிஜமாகவே கொடுமையாக இருந்திருக்கிறது. என் கெட்ட நாட்களும் நடந்தவைதான். அவற்றின் பக்கத்தில் இருந்த மற்ற நாட்களைத்தான் காணவில்லை.

எனக்குச் சிகிச்சை தந்தவர் நல்ல நாளைக் கேட்கவே இல்லை. "ஏதாவது ஒரு நாளைச் சொல்லுங்க, சாதாரண நாளாவே இருக்கட்டும்" என்றார். நினைவைத் துல்லியமாக்குவதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது, ஃபிலிப் ரேஸ் குழுவினர் 2009இல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. மந்திரமெல்லாம் இல்லை, மாத்திரையும் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் நான் கொண்டுபோனது, பேருந்து ஜன்னல் கண்ணாடி நெற்றியில் சில்லென்று பட்டது, அவ்வளவுதான். அவர் அதையே அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த ஜன்னல், யார் பக்கத்தில், எங்கே இறங்கினீர்கள்.

பல மாதம் கழித்து அந்தக் குரல் பதிவை மறுபடி கேட்டேன். நடிப்பா நிஜமா என்ற விசாரணைக்கு இந்தத் தடவை போகவில்லை. சிரிப்புக்கு நடுவே கீழ் வீட்டிலிருந்து "யாரது இந்நேரத்துல?" என்று ஒரு குரல், நாங்கள் கப்சிப். முன்பு அது காதில் விழவே இல்லை. அதற்கப்புறம் நடந்தது பதிவில் இல்லை, தானாக வந்தது: படியின் குளிர்ச்சி, அவள் செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுத்தது, விடியும்போது பையைக் கவிழ்த்துக் கொட்டியது. சாவி அவள் பையிலேயேதான் இருந்திருக்கிறது.